ஏழாம் எண்ணும் ஒரு சொம்பு கம்மங்கூழும்

பணி நிறைவு பெறும் நுண்ணுயிரியல் துறைத் தலைவர் முனைவர் ராசாத்தாள் அவர்களுக்குத் துறையினர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

நுண்ணுயிரின் நுட்பம் அறிந்த நல்லாசிரியரே! கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கண்ணின் மணியாய்க் காத்து, கண்ணெதிரே இருந்த ஒருவரைக் கொஞ்சம் காக்க வைத்த கண்ணியமே! பெயர் சொல்லவே ஊர் கூசும் ஒரு பொருளை, பட்டறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டமர்ந்து, பூவும் பழமும் கேட்பதுபோல் கேட்டு வாங்கிய பெருந்தகையே! எங்கள் ராசாத்தாள் அம்மையீர்! வாழ்த்தச் சொற்கள் உண்டு, வழியனுப்ப மனமில்லை என்ற நிலையில் தங்கள் முன் நிற்கிறோம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தாங்கள் இந்தக் கல்லூரியில் பணியாற்றினீர்கள். வகுப்பறையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நுண்ணோக்கி முன் உட்கார்ந்தால் எழுந்ததில்லை. முதலாண்டு மாணவர் யாராவது ஆய்வகத்தில் மூக்கைப் பொத்தினால், “உனக்குள்ள இருக்கறதும் இதுதான் கண்ணு, கொஞ்சம் மரியாதை குடு” என்பீர்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து வந்த எங்களில் ஒருவரின் காலை வகுப்புகளை யாரிடமும் சொல்லாமல் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறது.

இப்படியே இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம். எழுதினால் எல்லா மடல்களையும் போல இதுவும் ஆகிவிடும். அது மட்டுமல்ல, தங்களைப் பாராட்ட எங்களைவிடத் தகுதியான ஒருவர் முதல் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் அமர்ந்திருக்கிறார். தங்கள் கணவர் நஞ்சுண்டன் ஐயா. ஆகவே தங்கள் கடைசி ஆய்வின் கதையை அவர் பக்கத்திலிருந்து சொல்லப் போகிறோம். அவருடைய அனுமதியோடுதான். பேக்கரிக்கு அழைத்துப் போய், டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டோம். மனம் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இந்த மடலில் ஏழாம் எண்ணைப் புகழக் கூடாது. ஒப்புக்கொண்டோம். இயன்றவரை காப்பாற்றுவோம்.

நஞ்சுண்டன் ஐயா பெரியநாயக்கன்பாளையத்தில் பூச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கக் கறுப்புப் பூச்சு பூசித் தரும் பட்டறை. இந்தத் தொழிலில் புழங்கும் ரசாயனக் குடும்பம் ஒன்று உண்டு. எண்ணெயோடும் ஒட்டாது, தண்ணீரோடும் ஒட்டாது, மனித உடம்புக்குள் புகுந்துவிட்டால் மட்டும் ஆண்டுக்கணக்கில் போக மறுக்கும். தங்கள் கணவர் பெயரைப் பெற்றோர் எந்த நேரத்தில் வைத்தார்களோ என்று தாங்கள் ஒருமுறை எங்களிடம் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. அன்று மாலையே ஆய்வுக்கான திட்டத்தை எழுதத் தொடங்கினீர்கள் என்பதையும் நாங்கள் கவனித்தோம்.

அந்த ரசாயனம் ஏன் போக மறுக்கிறது என்பதைப் பட்டறை ஆட்களுக்குத் தாங்கள் விளக்கிய விதத்தை நாங்கள் இன்றும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கல்லீரல் அதைப் பித்தநீரோடு குடலில் இறக்கிவிடுகிறது. குடலோ அதைத் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. காந்திபுரம் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டு எந்த ஸ்டாப்பிலும் இறங்காமல் நாள் முழுக்கச் சுற்றும் ஆளைப்போல அது உடம்புக்குள் சுற்றுகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில, கண்டக்டர் மாதிரி. அந்த ஆளைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மலத்தோடு அந்த பாக்டீரியாக்கள் வெளியேறும்போது அவனையும் சேர்த்து இறக்கிவிடும். எலிகளில் இதற்குச் சான்று கிடைத்திருந்தது. மனிதரில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது உறுதியாகத் தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் தாங்கள் புறப்பட்டீர்கள்.

துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ரோட்டோரப் பட்டறைகளில் ஆள் தேடினீர்கள். ரத்தம் கொடுக்க எல்லோரும் தயார். மற்றது என்றதும் ஆளாளுக்குச் சுவரைப் பார்த்தார்கள். தங்கள் கணவரின் பட்டறையிலும் அதே கதைதான். அப்போது அவர் கை தூக்கினார். வீட்டுக்காரி கேட்டு வீட்டுக்காரனே கொடுக்காவிட்டால் ஊரான் எப்படிக் கொடுப்பான் என்று கேட்டார். பட்டறையே சிரித்தது, சிரித்த வாயோடு எல்லோரும் கை தூக்கினார்கள். முப்பது பேர் சேர்ந்தார்கள். அந்த முதல் கை இல்லையென்றால் ஆய்வும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

விதிகள் இரண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். யார் எந்த எண் என்பது ஆய்வக உதவியாளர் கரீமுக்கு மட்டும் தெரியும், தங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும் என்றீர்கள். இரண்டாவது விதி, ஆய்வு முடியும்வரை யாரும் சாப்பாட்டை மாற்றக் கூடாது. தின்பது மாறினால் குடலில் குடியிருப்பவர்களும் மாறுவார்கள். எதனால் எது நடந்தது என்று பிறகு சொல்ல முடியாது. நஞ்சுண்டன் ஐயாவுக்குக் கிடைத்த டப்பாவில் பத்தொன்பது என்று எழுதியிருந்தது.

கரீம் ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு அதிகாலையில் வீடு வீடாகப் போவார். பெயர் சொல்லக் கூச்சம் என்பதால் அதற்குப் பார்சல் என்று பெயர் வைத்திருந்தார். வாசலில் நின்று, பார்சல் ரெடிங்களா என்று கேட்பார். தெருவில் சிலர் அவரை மீன்காரர் என்று நினைத்து, வஞ்சிரம் என்ன விலை என்று விசாரித்ததும் உண்டு.

இனி நஞ்சுண்டன் ஐயாவின் துயரத்துக்கு வருவோம்.

ஒரு இரவுச் சாப்பாடு. அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்திருந்தார். தாங்கள் கரண்டியைக் கையில் பிடித்தபடி, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னீர்கள்: “ஏழாம் நம்பருன்னு ஒருத்தருங்க. அந்த வயித்துக்குள்ள என்ன ஒரு குடும்பம் நடக்குது தெரியுங்களா. அள்ளி அள்ளி வெளிய போடுது.”

அவர் கவளத்தை விழுங்கினார். “நம்ம ஊட்லயுந்தான் குடும்பம் நடக்குது அம்மணி,” என்றார்.

தாங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மடலின் பாதி இல்லாமல் போயிருக்கும்.

மறுநாளும் ஏழு வந்தது. அதற்கு மறுநாளும். சிலர் வீட்டில் சாப்பாட்டு வேளையில் தொலைக்காட்சித் தொடர் ஓடும். தங்கள் வீட்டில் ஏழாம் எண்ணின் குடல் ஓடியது. தாங்கள் அதைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்பார் நஞ்சுண்டன் ஐயா. பெண் பார்க்க வந்த அன்று, தாங்கள் காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த வெளிச்சத்தை அவர் பார்த்திருந்தாராம். அதன் பிறகு மகள் நித்யஸ்ரீ பிறந்தபோது ஒருமுறை. இப்போது, முன்பின் தெரியாத ஒருவனுடைய வயிற்றுக்காக.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைக்கு வயிற்றெரிச்சல் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஏழாம் எண்ணுக்கு அவரே ஓர் உருவம் கொடுத்தார். ஆறடி உயரம், முறுக்கு மீசை, தொப்பை கிடையாது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். இளநீர் குடித்து வளர்ந்த உடம்பு. ரத்தம் கொடுக்க எல்லோரும் கல்லூரிக்கு வந்த அன்று, வரிசையில் நின்றுகொண்டு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் வயிற்றையும் பார்த்தார். மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர், என் பெல்ட்டில் என்னங்க இருக்கிறது என்று கேட்டே விட்டார்.

கரீமைப் பிடித்தார். பேக்கரிக்கு அழைத்துப் போய் பப்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்தார். பெயர்கூட வேண்டாம், ஏழாம் எண் ஆணா பெண்ணா என்று மட்டுமாவது சொல்லச் சொன்னார். கரீம் பப்ஸைத் தின்றார், டீயைக் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு, “மேடத்துக்கே சொல்லாததை உங்களுக்கு எப்படிங்ணா சொல்றது” என்றார். மூன்று முறை பப்ஸ் ஆனது. மூன்று முறையும் அதே பதில். கரீமின் நேர்மையை நாங்கள் பாராட்டுகிறோம். பப்ஸை மறுக்காததையும் குறித்துக்கொள்கிறோம்.

ஆள் கிடைக்கவில்லை என்றதும் அவர் வேறு வழி யோசித்தார். கரீம் எண் போட்டு எழுதித் தந்த குறிப்பில் படித்த ஏழாம் எண்ணின் உணவுப் பழக்கத்தைத் தாங்களே சாப்பாட்டின்போது வியந்து வியந்து சொல்லியிருந்தீர்கள். காலையில் கம்மங்கூழ். மதியம் கொள்ளுப்பருப்பு, ஏதாவதொரு கீரை. வாரத்தில் இரண்டு நாள் வாழைத்தண்டு. பேக்கரிப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. நஞ்சுண்டன் ஐயாவோ பேக்கரியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். தேங்காய் பன் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அவனால் முடிந்தது என்னால் முடியாதா என்று அவர் நினைத்தார். இரண்டாவது விதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வயிறு என்னுடையது, பெண்டாட்டி என்னுடையவள், விதி மட்டும் யாருடையது என்று தனக்குத்தானே வழக்காடித் தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

துடியலூர் ரோட்டில் நிற்கும் கூழ் வண்டியில் ஒரு சொம்பைக் கொடுத்து வைத்தார். தினம் காலை பட்டறை திறக்கும் முன் சொம்பு வந்துவிடும். மதியத்துக்குப் பட்டறை ஆள் ஒருவர் வீட்டிலிருந்து கொள்ளு. மாலையில் வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல் தங்கள் கையால் ஊற்றிய ரசத்தைக் குடிப்பார். சாப்பாடு மாறுச்சுங்களா என்று மாதாமாதம் கரீம் கேட்டபோதெல்லாம், அதே டீதான், அதே பன்தான் என்று கண் இமைக்காமல் சொன்னார்.

முதல் சில வாரங்கள் பாவம். பழக்கமில்லாத வயிற்றில் கொள்ளு என்ன செய்யும் என்பதை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டறையில் அவர் இருக்கும் பக்கம் யாரும் நிற்பதைத் தவிர்த்தார்கள். வீட்டில் தாங்கள், பப்ஸைக் குறைக்கச் சொன்னால் கேட்பதில்லை என்று கடிந்துகொண்டு ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தீர்கள். குற்றவாளிக்கு நீதிபதியே மருந்து கொடுத்த கதை அது. அந்த ஓமத்தண்ணீரைக் குடிக்கும்போது, ஏழாம் எண்ணுக்கு இது கிடைக்குமா என்று நினைத்துக்கொண்டாராம். அந்த ஒரு நினைப்பில் கொள்ளையும் தாங்கிக்கொண்டார்.

மாதங்கள் போயின. ஒரு நாள் இரவு தட்டில் சந்தகை. தேங்காய்ப்பால் ஊற்றப் போன தாங்கள் பாதியில் நிறுத்தினீர்கள். “பத்தொம்பதுன்னு ஒருத்தர் இருக்காருங்க,” என்றீர்கள்.

அவருக்குப் புரையேறியது. தாங்கள் அவர் தலையில் தட்டிக்கொண்டே தொடர்ந்தீர்கள். முன்பெல்லாம் பத்தொன்பதின் குடல் காய்ந்த குட்டையாகக் கிடந்தது, இப்போது நொய்யலில் புதுத்தண்ணி வந்த மாதிரி இருக்கிறது என்றீர்கள். ரசாயனத்தை வெளியே தள்ளுவதில் ஏழாம் எண்ணையே எட்டிப் பிடிக்கும் போலிருக்கிறது என்றீர்கள். சாப்பாடு எதுவும் மாறாமல், தானாகவே ஒரு குடல் இப்படித் திருந்துமானால் அது பெரிய செய்தி என்றீர்கள். முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது.

அன்றிரவு நஞ்சுண்டன் ஐயாவைப்போல் மகிழ்ந்தவர் இந்தக் கோவை மாவட்டத்தில் இருந்திருக்க முடியாது. வென்றாகிவிட்டது. மறுநாள் பட்டறையில் காரணமில்லாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மீசைக்கு மை பூசினார். இரவு எப்போது வரும், தட்டு எப்போது வைப்பாள், பத்தொன்பது பற்றி எப்போது பேசுவாள் என்று பகலெல்லாம் காத்திருந்தார்.

ஆனால் அந்த மகிழ்ச்சியிலும் புழு வைத்தது. ஒரு நாள் அவர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். பத்தொன்பதைப் பற்றிய நினைவில் தாங்கள் மோரை ஊற்றினீர்கள். இன்னொரு நாள், அவர் புதுச் சட்டை போட்டு வந்து எதிரில் நின்றார். தாங்கள் சட்டையைப் பார்க்கவில்லை. பத்தொன்பதின் அடுத்த பார்சல் என்று வருமோ என்று தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டீர்கள். அவர் நாளைக்கு என்று சொல்ல வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏழாம் எண்ணாவது அயலான். அவனைத் திட்டலாம், சபிக்கலாம். பத்தொன்பதை என்ன செய்வது? தன் மனைவி தன்னைத் தாண்டி, தனக்குள்ளிருக்கும் எவனையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன்மேலேயே பொறாமைப்பட்டுப் படுக்கையில் புரண்ட கணவர் கொங்கு நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அப்போதுதான் கருத்தரங்க அழைப்பு வந்தது. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் தாங்கள் ஆய்வை முன்வைக்க வேண்டும். பேச்சின் நடுநாயகமாகப் பத்தொன்பதை வைக்கத் தீர்மானித்தீர்கள். உடுத்த வேண்டிய சேலையைக் கட்டிலில் விரித்து, பீரோக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தீர்கள். கதவோரம் நின்றிருந்தவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ரிட்டயர் ஆகறதுக்கு முன்னால ஒரு நல்ல வார்த்தை சொல்லிப்போட்டுப் போறனுங்க, அது போதும் எனக்கு” என்றீர்கள்.

அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். தாங்கள் சொல்லப் போகும் அந்த நல்ல வார்த்தை பொய் என்பது, இந்த உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு தவறான வரியையும் எழுதாத கை, கடைசியாக எழுதும் வரி தவறாகப் போகிறது. காரணம் அவர் சொம்பு. சொன்னால் பத்தொன்பது செத்துவிடும். அந்த வெளிச்சமும் அதோடு போய்விடும். சொல்லாவிட்டால், இனி ஆயுள் முழுக்க அந்த வெளிச்சத்தை அவர் திருடித்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் ஆய்வகத்தில் இருந்தோம். தாங்கள் உதவிப் பேராசிரியர் நவ்யாவோடு கணினி முன் இருந்தீர்கள். பட்டறை உடுப்போடு நஞ்சுண்டன் ஐயா உள்ளே வந்தார். அதற்கு முன் அவர் இந்த ஆய்வக வாசற்படியை மிதித்ததில்லை. கையிலிருந்த எவர்சில்வர் சொம்பைத் தங்கள் மேசைமேல், சோதனைக் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அம்மணி, பத்தொம்பது நாந்தான்,” என்றார். “இதைத்தான் குடிச்சிட்டு இருக்கேன்.”

தாங்கள் மூடியைத் திறந்து பார்த்தீர்கள். “எப்பத்துல இருந்துங்க?”

“நீ ஏழாம் நம்பரைப் பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து.”

கரீம் கையிலிருந்த ஐஸ் பெட்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தார். நுண்ணோக்கியில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் தாங்கள் ஒரு கண்ணைக் கொஞ்சம் இடுக்குவீர்கள். அன்று தங்கள் கணவரை அப்படிப் பார்த்தீர்கள், வெகுநேரம். அத்தனை மாதமும் அவர் ஏங்கிய பார்வை அதுதான். வந்த நேரம்தான் சரியில்லை.

நவ்யா மெல்ல ஒரு யோசனை சொன்னார். சாப்பாடு மாறியதால்தான் குடல் மாறியது என்று எழுதினால் அதுவும் ஒரு செய்திதானே என்றார். ஒரு மனிதர், ஒரு சொம்பு. இதை வைத்துக்கொண்டு ஊருக்குக் கூழ் குடிக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்று தாங்கள் மறுத்தீர்கள். பிறகு, “பத்தொம்பதை எடுத்துரு கண்ணு” என்றீர்கள். நவ்யா எடுத்தார். திரையிலிருந்து ஒரு புள்ளி போனது. மேலே ஏறிக்கொண்டிருந்த அழகான கோடு, பாதியில் சாதுவாகப் படுத்துக்கொண்டது. நஞ்சுண்டன் ஐயா அந்தக் கோட்டைப் பார்த்தார். சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கருத்தரங்கில் தாங்கள் இருபத்தொன்பது பேரை வைத்துப் பேசினீர்கள். சில குடல்களில் அந்த பாக்டீரியாக்கள் கூடுதலாக இருக்கும்போது ரசாயனமும் கூடுதலாக வெளியேறுவது போன்ற ஒரு சாயல் தெரிகிறது, உறுதி சொல்லப் போதாது, இன்னும் பலரைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். ஒருவர் இடையில் உணவை மாற்றியதால் விலக்கப்பட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து, அவர் ஏன் மாற்றினார் என்று கேட்டார். தாங்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டீர்கள். “அது குடல் சமாச்சாரம் இல்லீங்க,” என்றீர்கள். கூட வந்திருந்த எங்களுக்கு மட்டும் புரிந்தது. தங்கள் கன்னம் சிவந்ததை அந்த அரங்கில் எல்லோருமே பார்த்தார்கள்.

வீட்டில் நடந்தது வேறு. கருத்தரங்கிலிருந்து திரும்பிய பிறகும் தாங்கள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டின்போது ஏழும் இல்லை, பத்தொன்பதும் இல்லை, காலண்டர் மட்டும் இருந்தது. ஏழைப் பற்றியாவது பேசித் தொலைக்க மாட்டாளா என்று அவர் ஏங்கும் நிலை வந்தது. பேக்கரிக்குத் திரும்பினார், பன் பஞ்சு மாதிரி இருந்தது. கூழ் வண்டிப் பக்கம் போகவும் மனம் வரவில்லை.

ஒரு நாள் காலை அவர் பட்டறைக்குக் கிளம்பிச் செருப்பைப் போடும்போது, தாங்கள் சமையலறையிலிருந்து வந்தீர்கள். கையில் ஒரு சொம்பு. கம்பை முந்தின நாள் மாலையே இடித்து, இரவு காய்ச்சி, புளிக்க வைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தீர்கள்.

“இனி நீங்க ஆராய்ச்சியில இல்லீங்க. வேணுங்கற மட்டும் குடிங்க,” என்றீர்கள்.

அவர் நின்றபடியே குடித்தார். வண்டிக் கூழுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எங்களிடம் விளக்க முயன்றார், முடியவில்லை. குடித்து முடித்துச் சொம்பைத் திருப்பித் தரும்போது பழைய புத்தி எட்டிப் பார்த்தது. “ஏழாம் நம்பருக்கும் இப்படித்தான் ஊத்தித் தருவியா?”

“அவங்களுக்கு அவங்க ஊட்ல ஊத்துவாங்க,” என்றீர்கள்.

அவங்க என்பது ஆணா, பெண்ணா, மரியாதையா, ஒருவரா, ஊரேயா என்று அவர் அன்று முழுவதும் பட்டறையில் யோசித்தார். அந்த வாரமே பூச்சு அறையில் புகையை இழுக்கும் பெரிய விசிறி வைத்தார், ஆட்களுக்கு முகமூடியும் கையுறையும் வாங்கினார். உள்ளே போனதை வெளியேற்றும் வேலையை பாக்டீரியா பார்த்துக்கொள்ளட்டும், உள்ளே போகாமல் பார்ப்பது முதலாளி வேலை என்று தாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தீர்களாம். காதில் ஏற ஒரு சொம்பு தேவைப்பட்டது.

அம்மையீர்! ஆய்வு முடிந்து, கரீம் எண்களின் உறையைப் பிரித்துத் தங்களிடம் தந்தார். ஏழாம் எண் யார் என்பது இப்போது தங்களுக்குத் தெரியும், கரீமுக்குத் தெரியும். முப்பது பேரும் தங்களை வாழ்த்த இன்று வந்திருக்கிறார்கள். ஏழாம் எண்ணும் இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார். இந்த வரியை வாசிக்கும்போது நஞ்சுண்டன் ஐயா திரும்பிப் பார்ப்பார் என்று எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். ஐயா, முன்பக்கம் பாருங்கள். தாங்கள் தேடும் முகம் மேடையில் இருக்கிறது, தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி எங்கள் முறை. நாளை காலை ஆய்வகக் கதவைத் திறந்தால் தங்கள் நாற்காலி இருக்கும், நுண்ணோக்கி இருக்கும். கொஞ்சம் மரியாதை குடு என்று அதட்ட ஆள் இருக்காது. தாங்கள் கண்டு வியந்ததையெல்லாம் முதலில் கேட்கும் பேறு இனி ஒரே ஒருவருக்குத்தான், காலையிலும் மதியத்திலும் இரவிலும். இத்தனை காலம் அவர் எங்கள் ஆய்வகத்தைப் பார்த்து வயிறெரிந்தார். நாளை முதல் நாங்கள் அவர் வீட்டைப் பார்த்து எரிவோம். கணக்கு நேராகிவிட்டது, ஆனால் எங்களுக்குக் கூழ் ஊற்றித் தர யாருமில்லை.

தங்கள் கண் கூர்மை குறையாதிருக்கட்டும். தங்கள் நாவின் நேர்மை என்றும்போல் நிலைக்கட்டும். தங்கள் குடலில் குடியிருக்கும் கோடானுகோடிக் குடும்பங்களும், தங்கள் கூடத்தில் குடியிருக்கும் அந்த ஒரு குடும்பமும் குறையேதுமின்றிக் கூடி வாழட்டும். நோயற்ற உடலோடும் நிறைந்த மனத்தோடும் நூறாண்டைத் தாண்டி, எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் தாங்கள் நுண்ணோக்கி காட்ட வேண்டும் என்று வேண்டி, இம்மடலைத் தங்கள் கைகளில் தருகிறோம்.

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமில்லாத
நுண்ணுயிரியல் துறை ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், ஆய்வக உதவியாளர் கரீம்

மற்றும் ஆய்வுக்கு உடன்பட்ட நண்பர்கள், பெயர் சொல்லாமல் எண்களாக:
ஒன்று முதல் முப்பது வரை, பத்தொன்பது நீங்கலாக.
அவர் கையெழுத்திடவில்லை, தங்களோடு வீட்டுக்கு வருகிறார்.